ரோபோ: கூலியில்லா உழைப்பின் பெயர்

1920ஆம் ஆண்டு. செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் ஒரு நாடகம் எழுதத் தொடங்குகிறார். ஆலையொன்றில் செயற்கைத் தொழிலாளர்களை உண்டாக்கி விற்கிறார்கள் என்பது கதை. அந்தத் தொழிலாளர்களுக்கு என்ன பெயர்? உழைப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து ‘லபோரி’ என்று ஒன்றை எடுத்தார். ஏட்டுச் சொல்லாக இருக்கிறதே என்று அவருக்கே பிடிக்கவில்லை. அண்ணன் யோசெஃப் ஓவியர். தூரிகையை வாயில் கவ்வியபடி படம் தீட்டிக்கொண்டிருந்தவரிடம் போய்க் கேட்டார். ‘ரொபொட்டி என்று வையேன்’ என்று முணுமுணுத்துவிட்டு அண்ணன் வேலையைத் தொடர்ந்தார். சொல் பிறந்துவிட்டது. அது தன்னுடையதல்ல, அண்ணனுடையது என்று 1933இல் நாளிதழில் எழுதியவரும் காரெல்தான்.

யோசெஃப் அதை வெறுமையிலிருந்து படைக்கவில்லை. செக் மொழியில் ‘ரொபொட்டா’ என்றால், குடியானவன் நிலக்கிழாருக்குக் கூலியில்லாமல் செய்துதர வேண்டிய கட்டாய உழைப்பு. ஆஸ்திரியப் பேரரசு அதை ஒழித்தது 1848இல். 1921இல் பிராக் தேசிய அரங்கில் நாடகம் பார்த்தவர்களுக்கு அது தாத்தா பாட்டி காலத்துச் சொல், கேட்டதும் உறைத்திருக்கும்.

நாடகத்தின் ரோபோக்கள் உலோகத்தால் ஆனவை அல்ல என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அந்த ஆலையில் ஈரலுக்கும் மூளைக்கும் கூழ் கலக்கும் தொட்டிகள் உண்டு. நரம்புகளை நூலாக நூற்கும் கூடமும் உண்டு. பார்வைக்கு மனிதர்களே. கடைசியில் அவர்கள் கிளர்ந்தெழுகிறார்கள்.

1922இல் நியூயார்க்கிலும் 1923இல் லண்டனிலும் நாடகம் மேடையேற, சொல் ஆங்கிலத்தில் தங்கிவிட்டது. உலோக உடல் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. 1941இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவ் தம் கதையில், ரோபோக்களைப் பற்றிய துறையை ‘ரோபாட்டிக்ஸ்’ என்று எழுதினார். அது ஏற்கெனவே வழக்கில் உள்ள சொல் என்றே நினைத்திருந்தாராம். தென்னாப்பிரிக்காவில் போக்குவரத்து விளக்குக்கே ரோபோ என்றுதான் பெயர். இப்போது தலை வெட்டுப்பட்டு, கணினி நிரலைக் குறிக்கும் ‘பாட்’ ஆகவும் திரிகிறது. இத்தனை பயணத்தில் தொலைந்தது, கூலி கிடைக்காத அந்தக் குடியானவன்.

ரொபொட்டாவுக்கு நிகரான சொல் தமிழில் உண்டு: வெட்டி. சோழர் காலக் கல்வெட்டுகளில் குடிகள் மீதான கடமைகளைச் சொல்லும்போது இது மீண்டும் மீண்டும் வருகிறது. ஊருக்காகவும் அரசுக்காகவும் ஊதியமின்றிச் செய்ய வேண்டிய வேலை அது. அமஞ்சி என்பதும் அதுவே. இன்று பயனற்ற வேலையை வெட்டி வேலை என்கிறோம். அன்றைய வெட்டிக்குப் பயன் இருந்தது, உழைத்தவனுக்குத்தான் இல்லை.

அதற்காக ரோபோவை ‘வெட்டியாள்’ என்று அழைக்க முடியாது. நம்மிடம் புழங்கும் சொற்களில் ‘இயந்திர மனிதன்’ நீளம். கார் தொழிற்சாலையில் பற்றவைக்கும் ஒற்றைக் கைக்குப் பொருந்தவும் பொருந்தாது. ‘தானியங்கி’ மிகப் பொதுவானது. பணம் தரும் இயந்திரமும் தானியங்கிதானே? ‘எந்திரன்’ என்பதே என் தேர்வு. எந்திரம் சங்க இலக்கியத்திலேயே இருக்கிறது: கரும்பு பிழியும் ஆலையின் ஓசையைக் களிற்றின் பிளிறலோடு சேர்த்து, ‘கரும்பின் எந்திரம் களிற்றெதிர் பிளிற்றும்’ என்கிறது ஐங்குறுநூறு.

‘அன்’ என்று முடிவதால் ஆண்பால் ஆகிவிடாதா என்று சிலர் தயங்குகிறார்கள். ஓணானும் தட்டானும் அப்படித்தான் ஒலிக்கின்றன. அவற்றை நாம் ‘வந்தான்’ என்பதில்லை. ‘எந்திரன்கள் வந்தன’ என்று எழுதலாம்; ‘எந்திரர்கள் வந்தார்கள்’ என்று எழுத வேண்டியதில்லை.