மூடியைத் திறந்து பார்க்காமல் பழைய வாட்ச் வாங்காதீர்கள்

போன மாதம் ஒரு இளைஞர் வந்தார். துணிப்பையில் மூன்று கைக்கடிகாரங்கள், மூன்றுமே இணையத்தில் படம் பார்த்து வாங்கியவை. அதில் ஒன்றை மட்டும் தனியாக எடுத்து நீட்டினார். "அண்ணா, இது 1960கள்ல வந்ததாம். டயல்ல ஒரு கீறல்கூட இல்லை பாருங்க. சும்மா ஒரு சர்வீஸ் மட்டும் போட்டுக் கொடுங்க."

கையில் வாங்கியபோதே எனக்கு நெருடியது. அறுபது வருடம் உழைத்த வாட்சின் முகம் நேற்று அச்சடித்த அழைப்பிதழ் மாதிரி பளபளக்காது. லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு பார்த்தேன். நிமிடக் கோடுகள் 12-இல் சரியாக ஆரம்பித்து, 4-க்கு வரும்போது மணிக்குறியை விட்டு மயிரிழை விலகியிருந்தன. நொடி முள்ளுக்கான சின்ன வட்டத்தின் விளிம்பில் பெயின்ட் தேங்கி மழுங்கியிருந்தது. கம்பெனிப் பெயரின் எழுத்துகள் கொஞ்சம் தடித்திருந்தன. 6-க்குக் கீழே டயலின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்க வேண்டிய 'ஸ்விஸ்' என்ற சொல்லையே காணோம். பழைய டயலைச் சுரண்டி, மறுபடி பெயின்ட் அடித்து, மேலே அச்சிட்டிருக்கிறார்கள்.

பின்மூடியைத் திறந்தேன். ஸ்க்ரூத் தலைகள் எல்லாம் பிய்ந்திருந்தன. யாரோ அளவு பொருந்தாத ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருகியிருக்கிறார்கள். சாவித்தண்டு நுழையும் இடத்தில் துரு. ஜுவல்கள் எனும் சிவப்புக் கற்களைச் சுற்றி எண்ணெய் காய்ந்து பழுப்பு வளையமாக நின்றது. ஆனாலும் வாட்ச் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"நேரம் சரியாத்தானே காட்டுது?" என்றார் அவர்.

சேகரிப்பைத் தொடங்கும் கிட்டத்தட்ட எல்லாருமே இதைக் கேட்கிறார்கள். நேரம் சரியாகக் காட்டுவதை வைத்து ஒரு வாட்சின் ஆரோக்கியத்தைச் சொல்ல முடியாது. பட்டறையில் டைம்கிராஃபர் என்று ஒரு கருவி இருக்கிறது. வாட்சின் டிக் டிக் ஓசையை மைக்கில் கேட்டு, ஒரு நாளைக்கு எத்தனை நொடி முந்துகிறது, பிந்துகிறது என்று காட்டும். கூடவே ஆம்ப்ளிட்யூட் என்று இன்னொரு எண்ணும் வரும். வாட்சுக்குள் இப்படியும் அப்படியும் ஆடும் பேலன்ஸ் வீல் ஒவ்வொரு வீச்சிலும் எத்தனை டிகிரி சுற்றித் திரும்புகிறது என்பதன் அளவு அது. முழுச்சாவி கொடுத்து, டயல் மேலே பார்க்க வைத்தால், நல்ல மெஷினுக்கு 270-இலிருந்து 300 வரை இருக்கும். பழைய மெஷின் 240 காட்டினாலும் நான் குறை சொல்ல மாட்டேன். அந்த இளைஞரின் வாட்ச் ஒரு நாளைக்கு 6 நொடி மட்டும் முந்தியது, கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? ஆம்ப்ளிட்யூட் 170. மூச்சு வாங்கிக்கொண்டே நடக்கும் ஆள் பேருந்தைப் பிடித்துவிட்டால் உடம்பு சரியாக இருக்கிறது என்று அர்த்தமா?

பழைய சாவி வாட்சுகள் பல மணிக்கு 18,000 முறை துடிக்கும். நொடிக்கு ஐந்து, ஒரு நாளைக்கு 4,32,000. விடாமல் ஓடினால் ஒரு வருடத்துக்குப் பதினைந்து கோடிக்கும் மேல். இத்தனையையும் தாங்குவது மயிரிழை போன்ற எஃகு முனைகளும், அவை சுழலும் சிவப்புக் கல் குழிகளும், அதில் வைத்த ஒரு துளி எண்ணெயும்தான். அந்த எண்ணெய் காய்ந்தால், தேய்ந்த உலோகத்தூளோடு சேர்ந்து சாணைப் பொடி மாதிரி ஆகிவிடும். பிறகு வாட்ச் ஓடும் ஒவ்வொரு நாளும் தன்னைத்தானே தேய்த்துக்கொள்கிறது. ஆகவே சர்வீஸ் வரலாறு தெரியாத பழைய வாட்சை வாங்கினால், ஓட்டிப் பார்த்துச் சந்தோஷப்படாமல் முதலில் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். விலையைக் கணக்குப் போடும்போதே சர்வீஸ் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டாப்வாட்சும் சேர்ந்த குரோனோகிராஃப் என்றால் அந்தச் செலவு நன்றாகவே ஏறும். அதில் பாகங்கள் அதிகம், அதைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர்களோ குறைவு.

வாங்கும் முன் விற்பவரிடம் கட்டாயம் கேட்க வேண்டியது பின்மூடியைத் திறந்து எடுத்த படம். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். இது என் பிடிவாதம். "திறக்கக் கருவி இல்லை" என்பார்கள். பத்து வாட்ச் விற்பவரிடம் அந்தக் கருவி இல்லை என்றால் அவர் தன் சரக்கை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்றுதானே பொருள்?

பின்மூடியின் வெளிப்பக்கத்தையும் பொறுமையாகப் படியுங்கள். 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்று பொறித்திருந்தால் பலரும் முழு வாட்சும் ஸ்டீல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பின்மூடி மட்டும்தான் ஸ்டீல் என்று அது ஒளிக்காமல் சொல்கிறது. கேஸ் என்கிற வெளிச்சட்டம் பெரும்பாலும் பித்தளைமேல் குரோம் முலாம். வேர்வை படும், பட்டை மாட்டும் காதுப்பகுதியில் முலாம் உரிந்து மஞ்சள் தெரிகிறதா, சொறி மாதிரிக் குழி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். குழி விழுந்த கேஸைச் சரிசெய்வது மெஷினைச் சரிசெய்வதைவிடக் கஷ்டம்.

ஜப்பானின் சீகோ வாட்ச் வாங்குபவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பழைய சீகோக்களின் பின்மூடியில் உள்ள வரிசை எண்ணில் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். 1 முதல் 9 வரை அப்படியே, அக்டோபருக்கு 0, நவம்பருக்கு 'என்' (N), டிசம்பருக்கு 'டி' (D). எந்தப் பத்தாண்டு என்பதை மாடலை வைத்து நாம் கண்டுபிடிக்க வேண்டும். உதாரணமாக 6139 மெஷின் 1969-இல் வந்தது, 1970களில் ஓடியது. அதில் எண் 63 என்று ஆரம்பித்தால் 1976 மார்ச். பின்மூடியிலும், டயலின் அடி ஓரத்தில் பொடி எழுத்திலும் மெஷின் எண் இருக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டு மூன்று வாட்சுகளின் உடம்பைச் சேர்த்து ஒட்டியது என்று சந்தேகப்படலாம். அப்படிச் சேர்த்ததை வாங்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். தெரிந்து வாங்குங்கள், அதற்கான விலையில் வாங்குங்கள்.

அடுத்தது இருட்டில் ஒளிரும் பூச்சு. இதைப் பற்றிச் சொல்லாமல் யாரையும் நான் அனுப்புவதில்லை.

1960கள் வரை ஒளிரும் வாட்சுகள் பலவற்றின் டயல், முள் இரண்டிலும் ரேடியம் கலந்த பூச்சு உண்டு. 1910களிலும் 20களிலும் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் இந்தப் பூச்சைத் தீட்டிய பெண்கள், தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கி வேலை செய்து, தாடை அரித்துச் செத்தார்கள். அந்த ரேடியம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அது பாதியாகக் குறைய ஏறக்குறைய 1,600 வருடம் ஆகும். "இப்போ ஒளிரவே இல்லையே, சக்தி போயிருக்கும்" என்று சிலர் சொல்கிறார்கள். பட்டுப்போனது அதோடு கலந்த துத்தநாக சல்பைடுதான். கதிர்வீச்சு குறையவில்லை. மூடிய வாட்சை எப்போதாவது கட்டிக்கொள்வதில் பெரிய பயம் வேண்டாம். வீட்டில் கண்ணாடியைக் கழற்றி, பொரிந்த பூச்சை ஊசியால் சுரண்டி, வாயால் ஊதிச் சுத்தம் செய்வதுதான் ஆபத்து. அந்தத் தூள் நுரையீரலுக்குப் போனால் வெளியே வராது. ரேடியத்திலிருந்து ரேடான் என்ற வாயுவும் வரும். எனவே இப்படிப்பட்ட வாட்சுகளை மொத்தமாகச் சேர்த்துப் படுக்கையறை அலமாரியில் அடைக்காதீர்கள். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது ரேடியமாக இருக்கலாம் என்று வாய்திறந்து சொல்லிவிடுங்கள். எங்களுக்கும் நுரையீரல் இரண்டுதான்.

ரேடியத்துக்குப் பிறகு டிரிடியம் வந்தது. 'ஸ்விஸ்' என்ற சொல்லுக்கு இருபுறமும் 'டி' (T) என்ற எழுத்து இருந்தால் டிரிடியம். அது 12 வருடம் சொச்சத்தில் பாதியாகிவிடும், ரேடியம் அளவுக்குப் பயமில்லை. இப்போதைய பூச்சுகளில் கதிர்வீச்சே கிடையாது, வெளிச்சத்தை வாங்கித் திருப்பித் தருபவை. இதில் சேகரிப்பவருக்கு ஒரு துப்பும் இருக்கிறது. 1950களின் வாட்ச் என்று சொல்லப்படுவது, டார்ச் அடித்ததும் பச்சையாக நிமிடக்கணக்கில் எரிந்தால் பூச்சு புதிது. டயலின் பூச்சு பழுத்திருக்க, முள்ளின் பூச்சு வெள்ளையாக இருந்தால் முள் மாற்றியது.

பாலிஷ் விஷயத்தில் என் குற்றம் ஒன்று. தொழில் கற்ற புதிதில் ஒரு பெரியவரின் வாட்சை, அவர் கேட்காமலே, சந்தோஷப்படுவார் என்று பாலிஷ் சக்கரத்தில் வைத்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொடுத்தேன். அவர் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. "தம்பி, பின்னாடி எங்க அப்பா ஆணியால தன் பேரைக் கீறி வெச்சிருந்தாரு" என்றார். எனக்கு அது வெறும் கீறலாகத் தெரிந்திருந்தது. காசு கொடுத்துவிட்டுத்தான் போனார், அதுதான் இன்னும் உறுத்துகிறது. அன்றிலிருந்து கேட்டாலும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிக்கச் சொல்கிறேன். கேஸின் காதுகளில் உள்ள கூரான விளிம்பு ஒவ்வொரு பாலிஷுக்கும் உருண்டுபோகும், போனால் போனதுதான். பிளாஸ்டிக் கண்ணாடியை மட்டும் தாராளமாகத் தேயுங்கள். அது மாற்றக் கூடியது.

சரி, புது வாட்சுகளுக்கு வருவோம். சேகரிப்பாளர்களில் ஒரு கூட்டம் பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் என்றால் முகம் சுளிக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1969 டிசம்பர் 25 அன்று முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரமான சீகோ ஆஸ்ட்ரான் விற்பனைக்கு வந்தபோது கடிகார உலகமே தலைகீழானது. இன்று பெரும்பாலான குவார்ட்ஸ் வாட்சுகளுக்குள் ஒரு பொடிக் கல் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதைப் பதினைந்து தடவை பாதி பாதியாகக் குறைத்தால் நொடிக்கு ஒரு துடிப்பு. மாதத்துக்கு 15 நொடிக்குள் பிசகும். கேசியோவின் டிஜிட்டல் வாட்சான எஃப்-91டபிள்யூ 1989-இலிருந்து வருகிறது. ஒரு சேகரிப்பில் அதற்கு இடமில்லை என்றால் அது என்ன சேகரிப்பு?

குவார்ட்ஸைக் கொல்வது பெரும்பாலும் செத்த பேட்டரிதான். நின்றுபோன வாட்சை "அப்புறம் பார்க்கலாம்" என்று டப்பாவில் போடுகிறோம். இரண்டு வருடம் கழித்துத் திறந்தால் உள்ளே உப்புப் பூத்தது மாதிரி வெள்ளையாகக் கசிந்திருக்கும். தலைமுடியைவிட மெல்லிய சுருள் கம்பி அரித்துப்போயிருக்கும். நின்ற அன்றே பேட்டரியை எடுத்துவிடுங்கள், புதியது போடாவிட்டாலும் பரவாயில்லை. 1960-இல் வந்த அக்யூட்ரான் போன்ற, அதிரும் ஒரு சின்னக் கவையால் நேரம் காட்டும் டியூனிங் ஃபோர்க் வாட்ச் வைத்திருந்தால் இன்னொரு எச்சரிக்கை. அது 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்தது. இப்போது கிடைக்கும் 1.55 வோல்ட் பேட்டரியைப் போட்டால் சிலது தறிகெட்டு முந்தும். அதைத் தெரிந்தவர் சரிசெய்ய வேண்டும்.

'30 மீட்டர்' என்று எழுதியிருப்பதை நம்பி நீச்சலடித்துவிட்டு வருபவர்கள் ஏராளம். அந்த எண் புது வாட்சை அசையாத நீரழுத்தத்தில் சோதித்ததைக் குறிக்கிறது. கை கழுவும்போது தெறித்தால் தாங்கும், அவ்வளவுதான். நீச்சலுக்கு 100 மீட்டர், முக்குளிக்க ஐஎஸ்ஓ 6425 தரம். அதுவும் ரப்பர் வளையம் மென்மையாக இருக்கும்வரைதான். பழைய வாட்சின் பின்மூடி 'வாட்டர்ப்ரூஃப்' என்று எத்தனை கொட்டை எழுத்தில் சொன்னாலும், தண்ணீர் பக்கம் கொண்டுபோகாதீர்கள். கண்ணாடிக்குள் ஆவி படிந்தால் அடுத்த வாரத்துக்குத் தள்ளாமல் அன்றைக்கே எடுத்து வாருங்கள். துருவுக்கு ஒரு வாரம் என்பது நிறைய நேரம்.

வாட்ச் திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் முந்த ஆரம்பித்தால் பதறாதீர்கள். காந்தம் ஏறியிருக்கும். ஸ்பீக்கர், கைப்பையின் காந்தப் பொத்தான், டேப்லெட் உறை என்று சுற்றிலும் காந்தம்தான். பேலன்ஸ் வீலோடு சேர்ந்த மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங்கின் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வேகமாகத் துடிக்கும். திசைகாட்டியின் அருகே வாட்சைக் கொண்டுபோனால் முள் ஆடும். காந்தம் இறக்க எனக்குச் சில நொடிதான் பிடிக்கும், காசுகூட வாங்குவதில்லை.

தேதி காட்டும் வாட்சில் இரவு 9-க்கும் 3-க்கும் இடையில் முள் நிற்கும்போது தேதியை வேகமாகத் திருகி மாற்றாதீர்கள். உள்ளே பற்சக்கரம் கவ்வியிருக்கும் நேரம் அது, பல் உடையும்.

எத்தனை வாட்ச் சேர்க்கலாம் என்று கேட்பவர்களிடம், எத்தனைக்கு ஒழுங்காகச் சர்வீஸ் செய்ய முடியுமோ அத்தனை என்பேன். ஆறு போதும் என்று எனக்குத் தோன்றும், ஆனால் என் மேசையிழுப்பில் பதினொன்று இருப்பதால் அதிகம் பேச எனக்கு யோக்கியதை இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வரிசை எண், வாங்கிய தேதி, சர்வீஸ் தேதி, மாற்றிய பாகம். மாற்றிய பழைய முள்ளையும் சாவியையும் பட்டறையில் கேட்டு வாங்கிச் சின்ன உறையில் போட்டு வையுங்கள்.

அந்த இளைஞர் வாட்சைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார், விற்றவர் போனையே எடுக்கவில்லை. கடைசியில் சர்வீஸ் செய்தே கொடுத்தேன். ஆம்ப்ளிட்யூட் 255-க்கு வந்தது. வாங்க வந்தபோது புது நோட்டு ஒன்று கொண்டுவந்திருந்தார். முதல் பக்கத்தில் வாட்சின் பெயரை எழுதி, அடியில் என்ன எழுதட்டும் என்று என்னைப் பார்த்தார். "டயல் மறுபடி அடிச்சது, அதை முதல்ல எழுதுங்க. நாளைக்கு இதை உங்ககிட்ட வாங்குறவர் படிக்கணும்" என்றேன்.