ஆர்க்கிட் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் முன் வேரைப் பாருங்கள்

பரிசாக வந்த ஆர்க்கிட், இரண்டு மூன்று மாதம் பூத்து நின்றுவிட்டு, பூ உதிர்ந்த கையோடு இலையும் துவண்டு எங்கள் நர்சரிக்கு வந்து சேர்வது வாடிக்கையாகிவிட்டது. கொண்டுவருகிறவர்கள் அநேகமாக ஒரே விஷயத்தைத்தான் சொல்வார்கள்: "தினமும் தண்ணி ஊத்துறேங்க, அப்படியும் வாடிப்போச்சு." தினமும் ஊற்றியதால்தான் வாடியது என்று அவர்களிடம் சொல்லச் சங்கடமாக இருக்கும். அக்கறையோடு வளர்த்தவர்கள் அவர்கள்.

செடியைத் தொட்டியிலிருந்து உருவி மேசையில் வைத்துக் காட்டினால் அவர்களுக்கே புரிந்துவிடும். வேர் பழுப்பேறி நசநசவென்று இருக்கும். இரண்டு விரலால் பிடித்து லேசாக இழுத்தால் மேல்தோல் உறை மாதிரி கழன்று வந்துவிடும். உள்ளே மெல்லிய நரம்பு மட்டும் மிஞ்சும். நல்ல வேர் இப்படி வராது. அழுத்திப் பார்த்தால் கெட்டியாக இருக்கும். வேர் அழுகிய செடி தண்ணீரை உறிஞ்ச முடியாமல் இலை சுருங்குகிறது. அதைப் பார்த்துத் தாகம் என்று நினைத்து இன்னும் ஒரு குவளை ஊற்றுகிறோம்.

பூக்கடைகளில் தொட்டியோடு விற்பது பெரும்பாலும் ஃபெலனாப்சிஸ் கலப்பினங்கள். இவற்றின் மூதாதைகள் தென்கிழக்கு ஆசியக் காடுகளில் மரக்கிளைகளில் ஒட்டி வளர்பவை. அங்கே மழை வேரை நனைக்கும், காற்று சீக்கிரமே உலர்த்திவிடும். அதற்கேற்ப வேரின் மேல் செத்த செல்களால் ஆன வெலமன் என்ற தடித்த அடுக்கு உண்டு. அது உலர்ந்திருக்கும்போது அதில் காற்று நிறைந்து வேர் வெள்ளி நிறமாகத் தெரியும். தண்ணீர் பட்டதும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சையாக மாறும். கிழமை பார்த்துத் தண்ணீர் ஊற்றுவதைவிட இந்த நிறத்தைப் பார்த்து ஊற்றுவதுதான் நம்பகமானது. வேர் பச்சையாக இருந்தால் விட்டுவிடுங்கள். வெள்ளியாக இருந்தால் ஊற்றுங்கள். ஆர்க்கிட்டைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தொட்டியில் வைப்பது இதைப் பார்க்கவும் உதவும்.

ஆனால் வாங்கிவந்த தொட்டியில் வேர் நன்றாகத் தெரியாது. ஸ்பேக்னம் பாசியைத் திணித்துக் கெட்டியாக அடைத்திருப்பார்கள். வெப்பமும் ஈரமும் அளந்து வைத்த பசுமைக்குடிலில் அது சரி. தூரப் பயணத்துக்கும் ஏற்றது. வீட்டில் பாசியின் மேற்புறம் காய்ந்து மொறுமொறுப்பாக இருக்க, நடுப்பகுதி நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். போதாததற்கு வெளியே ஓட்டை இல்லாத பீங்கான் தொட்டி வேறு. பூ இருக்கும்வரை பீங்கான் தொட்டியில் தேங்கும் தண்ணீரைக் கொட்டிவந்தால் போதும். பூ முடிந்ததும் தொட்டி மாற்றிவிடுங்கள். மரக்கரி, உடைத்த ஓட்டுச் சில்லு, தேங்காய் மட்டைத் துண்டு, இவை போதும். மட்டையில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று நாள் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்துப் பயன்படுத்துங்கள். மண் ஒரு பிடிகூட வேண்டாம். அழுகிய வேரைச் சுத்தமான பிளேடால் வெட்டி எடுத்தபின், வெட்டுக்காயம் ஆற இரண்டு மூன்று நாள் ஊற்றாமல் இருங்கள். தொட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வேர் நோயல்ல, அதை வெட்டவும் வேண்டாம், உள்ளே திணிக்கவும் வேண்டாம்.

ஊற்றும்போது கஞ்சத்தனமும் கூடாது. காலையில் குழாயடிக்குக் கொண்டுபோய், அடி ஓட்டை வழியாக ஓடும்படி நன்றாக ஊற்றி, முழுக்க வடிந்தபின் ஜன்னலுக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள். இலைகள் சேரும் நடுக்குருத்தில் தண்ணீர் நின்றால் டிஷ்யூ தாளால் ஒற்றி எடுங்கள். ஃபெலனாப்சிஸ் வளர்வது அந்த ஒற்றைக் குருத்திலிருந்துதான், அது அழுகினால் செடி மீள்வது கடினம். போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும் பகுதிகளில் கரித்துண்டுகளின் மேல் வெள்ளையாகப் படிவதையும் வேர் நுனி கருகுவதையும் பார்க்கலாம். மழைத் தண்ணீர் சேர்த்து வைத்தால் மிக நல்லது. இல்லாவிட்டால் ஆர்.ஓ. இயந்திரத்தில் சுத்திகரித்து வரும் தண்ணீர் கொடுங்கள், அது கழித்துவிடும் தண்ணீர் வேண்டாம். உரம், தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19, அரை கிராம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு, வாரம் ஒருமுறை. அதற்குமேல் எதுவும் தேவையில்லை.

வெளிச்சத்துக்குக் கிழக்கு ஜன்னல்தான் என் முதல் தேர்வு. மேற்கு ஜன்னலின் மதிய வெயிலில் இலை வெளுத்துக் கருகும். இலையைத் தொட்டுப் பாருங்கள். கைக்குச் சுட்டால் ஒரு மெல்லிய திரையாவது போட வேண்டும். இலை கரும்பச்சையாகி நீண்டு தொங்கினால் வெளிச்சம் போதவில்லை என்று பொருள்.

அப்புறம், "இலை நல்லாத்தான் இருக்கு, ஆனா ரெண்டாவது தடவை பூக்கவே இல்லை" என்ற கேள்வி. சென்னையில் இது செடியின் குற்றமும் இல்லை, உங்கள் குற்றமும் இல்லை. ஃபெலனாப்சிஸ் பூந்தண்டு விட, சில வாரங்கள் தொடர்ந்து குளிர்ச்சி வேண்டும். வெப்பநிலை இரவும் பகலும் 28 டிகிரிக்கு மேலேயே நின்றால் அது இலை மட்டும்தான் விடும். சென்னையில் மே மாதத்தில் இரவில்கூட அந்த அளவு இருக்கும். மார்கழி, தையில்தான் 21, 22 டிகிரிக்கு இறங்கும். அந்த நாட்களில் இரவில் ஜன்னலைத் திறந்து வையுங்கள். தண்டு தெரிந்தபின் பூ விரிய இரண்டு மூன்று மாதம் ஆகும், அதுவரை செடியை இடம் மாற்ற வேண்டாம். ஏசிக் காற்று நேராக அடித்தால் மொட்டு காய்ந்து உதிரும். பழுத்த மாம்பழமும் வாழைப்பழமும் எத்திலீன் வாயுவை விடும், அதனாலும் உதிரும். பழக்கூடையைத் தள்ளி வையுங்கள்.

சென்னை, மதுரை, திருச்சி போன்ற ஊர்களில் முதன்முதலாக ஆர்க்கிட் வளர்க்க ஆசைப்படுகிறவர்களிடம் நான் டென்ட்ரோபியம் கலப்பினத்தைத்தான் கொடுக்கிறேன். வெயிலைக் கூடுதலாகத் தாங்கும், குளிருக்காகக் காத்திருக்காது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: இலை உதிர்ந்த பழைய தண்டைச் செத்துவிட்டது என்று வெட்டிவிடுகிறார்கள். அதில்தான் தண்ணீரும் சத்தும் சேமிப்பில் இருக்கின்றன, அதிலிருந்தே மறுபடி பூப்பதும் உண்டு. சுருங்கிப் பழுப்பாகும்வரை விட்டுவையுங்கள்.

மலை ஊர்களுக்குச் சுற்றுலா போனால் மரத்திலிருந்து பிய்த்தெடுத்த ஆர்க்கிட்டை யாராவது விற்க வரலாம். தயவுசெய்து வாங்காதீர்கள். வேரில் மரப்பட்டைத் துணுக்குகள் ஒட்டியிருந்து, நுனிகள் அறுந்திருந்தால் அது காட்டுச் செடி. பட்டையோடு ஒட்டிய வேரைப் பிய்த்தபின் அது வேறிடத்தில் மறுபடி ஒட்டாது. புது வேர் விட வேண்டும், அதற்குள் ஜன்னலோரத்தில் பெரும்பாலானவை காய்ந்துபோகும். நம் மலைகளின் ஆர்க்கிட்டுகளைப் பார்க்க ஆசையிருந்தால், ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. வீட்டில் வளர்க்க, ஆய்வகத்தில் திசு வளர்ப்பு முறையில் உண்டான செடியா என்று கேட்டு நர்சரியில் வாங்குங்கள். பில் போடும் முன் தொட்டியைத் திருப்பி, அடி ஓட்டை வழியாக வேரின் நிறத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.