பால்கனியில் ஏரி, பார்க்கிங்கில் கால்வாய்

"சார், ஏரியைப் பார்த்த மாதிரி ஒரு ஃபிளாட் வந்திருக்கிறது, வாங்கலாமா?" ஓசூரில் கட்டடப் பொறியாளராக இருக்கும் என்னிடம் வாரத்துக்கு ஒருவராவது இப்படிக் கேட்டு வருகிறார். 2019இல் மாநகராட்சியான ஊர். பெங்களூரு நாற்பது கிலோமீட்டர். புறநகர் ஏரிக்கரைகள் அடுக்குமாடித் திட்டங்களின் கண்ணில் படாமல் இருக்குமா? கூடாது என்று ஊர்க்காரர்கள் மனு கொடுக்கிறார்கள், வளர்ச்சி வேண்டாமா என்று விற்பவர்கள் கேட்கிறார்கள்.

சென்ற ஆண்டு ஒரு தம்பதி வந்தார்கள். இருவருக்கும் தொழிற்சாலை வேலை. மூன்றாம் மாடியில் வீடு, முன்பணமும் கட்டியாயிற்று. வண்ணக் கையேட்டைக் காட்டினார்கள்; நான் புலப்படத்தை, அதாவது நில அளவைத் துறையின் எல்லை வரைபடத்தைக் கேட்டேன். அந்தச் சர்வே எண்ணுக்குக் குறுக்கே இரண்டு கோடுகள் ஓடின. நிலத்தின் வகையைச் சொல்லும் வருவாய்த் துறையின் அ-பதிவேட்டில் அந்த உட்பிரிவுக்கு நேரே 'வாய்க்கால்' என்று ஒரே சொல்.

நேரில் போனால் வாய்க்கால் இல்லை. செம்மண் கொட்டிச் சமப்படுத்தி, அடியில் ஒன்றரை அடி விட்டத்தில் ஒரு சிமென்ட் குழாய் புதைத்திருந்தார்கள். மேலே கார் நிறுத்துமிடம். பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டி, "ஏரி கோடி போனால் தண்ணீர் இப்படித்தான் போகும் சாமி" என்று கையை நீட்டிய திசையும் புலப்படத்தின் கோடும் ஒன்றுதான். கோடி என்பது ஏரி நிறைந்தால் உபரி நீர் வழியும் இடம். எல்லையைத் தாண்டி மூடாமல் விட்டிருந்த பகுதியை அளந்தேன்: அகலம் பத்தடி, ஆழம் மூன்றடி. முப்பது சதுர அடியில் ஓடிய வெள்ளத்தை இரண்டு சதுர அடிக்கும் குறைவான ஓட்டையில் நுழையச் சொல்லியிருக்கிறார்கள்.

"மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் வராதே சார்?" என்றார் தம்பதியில் ஒருவர். வராது. ஆனால் லிஃப்ட் குழி, மோட்டார், மின் பலகை, நிலத்தடித் தொட்டி எல்லாம் கீழேதான். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலின்போது, நம் மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. ஏரி வழிந்து, சாலையோரம் நின்ற வேன்களும் கார்களும் அடித்துச் செல்லப்பட்டதை எல்லோரும் பார்த்தோம்.

அடுக்குமாடியே கூடாது என்று சொல்பவன் அல்ல நான். ஒரு அடுக்குமாடியில் அடங்கும் நூறு குடும்பங்களுக்குத் தனி மனை போட்டால் இன்னும் பல ஏக்கர் வயல் போகும், ஆளுக்கொரு கழிவுக்குழியும் ஏரியைச் சுற்றி வரும். அது இதைவிட மோசம். என் கேள்வி, எத்தனை மாடி என்பதல்ல. கோடித் தண்ணீர் எங்கே போகும், கழிவுநீர் எங்கே போகும் என்பதுதான்.

ஒரு திட்டத்தில் 120 வீடு என்று வைத்துக்கொள்வோம்; வீட்டுக்கு நான்கு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்ற வழக்கமான அளவு. நாளைக்கு 64,800 லிட்டர். அதில் ஐந்தில் நான்கு பங்கு, ஏறத்தாழ 52,000 லிட்டர், கழிவாக வெளியேறும். சுத்திகரிப்பு நிலையம் வரைபடத்தில் இருக்கும். அதன் மின் கட்டணத்தைக் குடியிருப்போர் சங்கம் எத்தனை மாதம் கட்டும் என்பதே சந்தேகம். பெங்களூருக் கழிவு தென்பெண்ணையில் வந்து கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்குவதைப் பார்த்துத் திட்டுகிறோம். நம் ஏரிக்கு நாம் செய்யப்போவதும் அதுதானே?

இன்னொன்று. கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். திட்டத்தின் பரப்பு அந்த எண்ணுக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றால் நான் இரண்டாவது முறை கணக்குப் பார்ப்பேன். எட்டு வீட்டுக்கு மேல் என்றால் ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு கட்டாயம்; அதன் இணையதளத்தில் ஒப்புதல் பெற்ற வரைபடம் கிடைக்கும். புலப்படத்தை அரசின் இணையச் சேவையிலேயே எடுக்கலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்து, கோடு காணாமல் போயிருக்கிறதா என்று பாருங்கள். மழை நின்ற மறுநாள் ஒரு நடை போய், கரையோர மரங்களில் சேறு எந்த உயரம்வரை ஒட்டியிருக்கிறது என்றும் பாருங்கள்.

அந்தத் தம்பதிக்கு முன்பணம் மூன்று தவணையாகத் திரும்பி வந்தது. தரகர் கமிஷன் மட்டும் போனது போனதுதான்.