ஏரித் திட்டும் அதைக் காக்கும் தண்ணீரும்

நகரத்து ஏரியின் நடுவே நாலைந்து மரங்கள் நிற்கும் சின்னத் திட்டு ஒன்று இருந்தால் போதும். கரை நெடுகிலும் மரங்கள் இருந்தாலும் நீர்க்காகமும் வக்காவும் பாம்புத்தாராவும் அந்தத் திட்டில்தான் நெருக்கியடித்துக்கொண்டு கூடு வைக்கும். கரை மரத்தைவிடத் திட்டு மரம் உயரமானதும் இல்லை, அடர்ந்ததும் இல்லை. வேறுபாடு மரத்தடியில் இருக்கிறது. நாய், பூனை, கீரி, மரநாய், மனிதர் என யாரும் நடந்து வர முடியாத இடம் அது. நாம் மண்ணையும் மரத்தையும் பார்க்கிறோம். பறவை சுற்றியுள்ள தண்ணீரைப் பார்க்கிறது. திட்டு அமைக்கும்போது மண்ணுக்கும் செடிக்கும் கணக்குப் போடுகிறவர்கள் தண்ணீருக்குப் போடுவதில்லை. அங்கேதான் பெரும்பாலான திட்டுகள் தோற்கின்றன.

வேடந்தாங்கலைப் பாருங்கள். ஏரி நிறையும்போது நீர்க்கடம்பு மரங்கள் தண்ணீருக்குள் நிற்கின்றன. ஒவ்வொரு மரமும் ஒரு தீவாகிவிடுகிறது. மழை பொய்த்த ஆண்டில் அதே மரங்கள் அதே இடத்தில் இருந்தும் பறவைகள் வந்து கூடு வைப்பது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. வற்றிய ஏரியில் இரையும் குறைவு, அடிமரம் வரை நடந்து வர வழியும் உண்டு.

அகழி எவ்வளவு ஆழம் வேண்டும்?

திட்டைச் சுற்றியுள்ள தண்ணீரை அகழி என்று வைத்துக்கொள்வோம். அதன் ஆழத்தைக் கூடு கட்டும் காலத்தின் நீளத்தை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். நீர்க்காகத்தின் முட்டை பொரிய ஏறக்குறைய 4 வாரம். குஞ்சு பறக்க இன்னும் 6, 7 வாரம். கூடு கட்டும் நாள்களையும் சேர்த்தால் ஒரு சோடிக்கு 3 மாதம் ஆகிறது. எல்லாச் சோடிகளும் ஒன்றாகத் தொடங்குவதில்லை. முதல் குஞ்சு பறக்கும்போது கடைசிக் கூட்டில் முட்டை பொரிந்துகொண்டிருக்கும். ஆக 4 மாதம் என்று எடுத்துக்கொள்வது நல்லது.

வெயில் காலத்தில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாவது சாதாரணம். 120 நாளில் 60 சென்டிமீட்டர் போய்விடும். மதகு வழியாக வெளியேறுவதும் தரைக்குள் இறங்குவதும் இதில் சேரவில்லை. தொடக்கத்தில் 75 சென்டிமீட்டர் ஆழம் இருந்த அகழியில் கடைசியில் 15 சென்டிமீட்டர்தான் மிஞ்சும். குஞ்சுகள் கொழுத்து, இன்னும் பறக்கத் தெரியாமல் கிளையில் உட்கார்ந்திருக்கும் நேரம் அது. கரையிலிருந்து நாய்கள் முழங்கால் நனைய நடந்தே போய்விடும். அதனால் ஏரி நிறைந்திருக்கும்போது அகழி குறைந்தது 1.5 மீட்டர் ஆழமாவது இருக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் மேடு தட்டியிருந்தாலும் அது பாலமாகிவிடும். ஆகவே சுற்றிலும் கோல் விட்டு அளக்க வேண்டும். மதகில் இருக்கும் அளவுகோலை நம்பக்கூடாது. அது மதகின் அடிமட்டத்திலிருந்து எண்ணுகிறது. அகழியின் தரை அதற்கு மேலேயும் இருக்கலாம், கீழேயும் இருக்கலாம். அகழியின் மிக மேடான புள்ளியில் தனியாக ஓர் அளவுகோல் நட்டு, அதில் 90 சென்டிமீட்டர் காட்டும்போதே மதகை அடைத்துவிட வேண்டும்.

எலியை மட்டும் தண்ணீரால் தடுக்க முடியாது. 2004-இல் நியூசிலாந்தில் ஆய்வாளர்கள் ஒரே ஓர் ஆண் பழுப்பு எலியை, எலியே இல்லாத தீவு ஒன்றில் வேண்டுமென்றே விட்டார்கள். பொறி, நஞ்சு, நாய் எல்லாவற்றுக்கும் தப்பிய அந்த எலி, 400 மீட்டர் கடலை நீந்தி அடுத்த தீவுக்குப் போய்விட்டது. பிடிபட 18 வாரம் ஆனது. நகர ஏரியின் 50 மீட்டர் அகழி எலிக்கு ஒரு பொருட்டே இல்லை. முட்டை வைக்கும் காலத்துக்கு முன்பே திட்டில் பொறி வைப்பது ஒரு வழி. அதைவிட அடிப்படையானது கரையில் உணவுக் கழிவு சேராமல் பார்த்துக்கொள்வது, ஏனென்றால் எலிக் கூட்டம் பெருகுவது அங்கேதான்.

மண் கணக்கு

அகழியைத் தோண்டிய மண்ணையே நடுவில் குவித்தால் ஆழமும் மேடும் ஒரே வேலையில் கிடைத்துவிடும். ஏரியின் கொள்ளளவும் பெரிதாகக் குறையாது. ஆனால் மண் எவ்வளவு என்பது பலரையும் திகைக்க வைக்கும். 2 மீட்டர் ஆழத்தில், முழு நீர்மட்டத்துக்கு மேல் 75 சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கும் வட்டத் திட்டு; உச்சியின் விட்டம் 20 மீட்டர். ஒரு மீட்டர் உயரத்துக்கு 5 மீட்டர் ஓடும் சரிவு வைத்தால் ஏறக்குறைய 2,600 கன மீட்டர் மண் வேண்டும். சரிவை 10 மீட்டராகத் தட்டையாக்கினால் 5,400 கன மீட்டர். உச்சி அதே அளவுதான், மண் இரட்டிப்பு. செலவு மிச்சம் என்று சரிவைச் செங்குத்தாக்கிவிடுகிற ஆசை இங்கேதான் பிறக்கிறது.

சரிவு செங்குத்தானால் என்ன ஆகும்? திறந்த நீர்ப்பரப்பு ஒரு கிலோமீட்டர் நீளம் இருந்தால், பலமான காற்றில் 20 சென்டிமீட்டர் உயர அலை எழும். அந்தச் சிற்றலை ஒரே மட்டத்தில் இரவும் பகலும் மண்ணைக் கடித்து, ஓரத்தை ஒரு படிக்கட்டுபோல வெட்டிவிடும். மேலே புல், கீழே தண்ணீர், நடுவில் ஒரு சாண் செங்குத்துச் சுவர். வாத்துக் குஞ்சும் நாமக்கோழிக் குஞ்சும் பொரித்த ஓரிரு நாளில் நீரில் இறங்கிவிடும். இறங்கிய குஞ்சு அந்தச் சுவரில் ஏற முடியாது. தாய் மேலே நின்று கூப்பிட, குஞ்சு சுவரோரமாகவே நீந்தி நீந்திக் களைத்து, நனைந்து விறைத்துச் செத்துப்போகும். ஆமைக்கும் இதே கதி: வெயில் காயவும் முட்டையிடவும் அது ஊர்ந்து ஏறியாக வேண்டும். எனவே காற்று அடிக்கும் பக்கம் மட்டும் கல் பதித்து, மறுபக்கத்தை மிகத் தட்டையாக விடுவதே சிக்கனமும் பயனும் சேர்ந்த வழி. அந்தத் தட்டையான பக்கத்தில் நீர் ஒரு சாணுக்கும் குறைவாக இருக்கும் இடத்தில்தான் கோரையும் சம்பும் வேர்பிடிக்கும், தும்பிகளின் நீர்வாழ் இளம்பருவப் பூச்சிகள் ஒளிந்து வளரும், உள்ளான்கள் சேற்றைக் குத்தி இரை தேடும். வட்டத்தைவிடக் குதிரை லாட வடிவம் நல்லது. காற்றுக்கு முதுகு காட்டும் உட்குடாவில் அலையே இருக்காது.

தூர்வாரிய சேறு உடனே நிலமாகிவிடாது. சீனாவின் ஹாங்சோ நகரத்து மேற்கு ஏரியில் 1800-ஆம் ஆண்டு வாக்கில் தூர்வாரிய வண்டலைக் கொட்டி உருவாக்கிய ருவான்குங் திட்டு, கட்டடம் எதுவும் தாங்காத சதுப்பாகவே மிக நீண்ட காலம் கிடந்தது. சேற்றில் மண்ணைவிடத் தண்ணீரே அதிகம். அது வடிய வடிய மேடு அமுங்கும். எனவே அமுங்குவதற்கும் சேர்த்து உயர்த்திக் கொட்ட வேண்டும், ஒரு பருவமாவது காயவிட்டுப் பிறகே மரம் நட வேண்டும். தோண்டும் பள்ளம் சரிவின் அடிக்கு மிக அருகே வந்தால் திட்டு பக்கவாட்டில் சரிந்து அகழியையே தூர்த்துவிடும். சில மீட்டராவது இடைவெளி விட வேண்டும்.

யாருக்கு எந்தத் திட்டு?

எல்லாப் பறவைக்கும் ஒரே திட்டு பொருந்தாது. நீர்மேல் பறந்து மீன் பிடிக்கும் ஆலாக்கள் வெறும் சரளையில் சிறு குழி பறித்து முட்டையிடும்; சுற்றிலும் பார்வை மறைக்காத வெட்டவெளி வேண்டும். கொக்கு, வக்கா, நீர்க்காகத்துக்கு மரம். முக்குளிப்பானும் நாமக்கோழியும் ஓரத்து நீர்ச்செடியில் பிணைத்து மிதக்கும் கூடு கட்டும்; திட்டின் உச்சி அவற்றுக்குத் தேவையே இல்லை. புதிய திட்டு முதல் ஆண்டில் ஆலாவுக்கு ஏற்றதாக இருக்கும். புல் வந்து, புதர் வந்து, சில ஆண்டுகளில் மரத்திட்டாகிவிடும். ஆலா திட்டாகவே வைத்திருக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு கூடுகட்டும் காலத்துக்கும் முன்னால் களை எடுத்தாக வேண்டும். துணிவிரிப்பின் மேல் 10 முதல் 15 சென்டிமீட்டர் சரளை கொட்டினால் களை தாமதமாகும், நிற்காது.

திட்டு அமைத்துவிட்டால் பறவை தானாக வந்துவிடும் என்பதும் இல்லை. அமெரிக்காவின் ஓக்லாந்து நகர நடுவில் இருக்கும் மெரிட் ஏரி 1870-இலேயே காட்டுயிர்ப் புகலிடமானது. செயற்கைத் திட்டுகள் ஐந்து உண்டு. இருந்தும் அந்நகரின் வக்காக்கள் பலகாலம் கடைத்தெருவின் நடைபாதை மரங்களில் கூடு வைத்து வந்தன. கூட்டமாக வாழும் பறவை, ஏற்கெனவே தன்னினம் இருக்கும் இடத்தையே நம்பும். இதைப் பயன்படுத்தி மெய்ன் மாநிலக் கடலோரத்தின் ஈஸ்டர்ன் எக் ராக் தீவில் ஸ்டீபன் கிரெஸ் குழுவினர் ஆலா பொம்மைகளை நட்டு, பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டார்கள். பல பத்தாண்டுகளாக அங்கே இல்லாத ஆலாக்கள் 1980-இல் திரும்பிக் கூடு வைத்தன. நகர ஏரித் திட்டுக்கும் இந்த உத்தி பொருந்தும்.

வந்து குடியேறிய பிறகு சிக்கல் தலைகீழாகிறது. நைட்ரஜன் கழிவைப் பறவை யூரிக் அமிலமாக, எச்சத்தில் வெள்ளைக் கூழாக வெளியேற்றுகிறது. மண்ணில் நுண்ணுயிர்கள் அதை அம்மோனியாவாக்கும். அம்மோனியா நைட்ரேட்டாகும்போது மண்ணின் அமிலத்தன்மை ஏறும். உப்பும் பாஸ்பரசும் சேர்ந்துகொள்ளும். மேலே இலைகளில் வெள்ளைப் பூச்சு படிந்து வெளிச்சத்தை மறைக்கும். போதாததற்கு நீர்க்காகம் கூட்டுக்காகப் பச்சைக் குச்சிகளை ஒடித்துக்கொண்டே இருக்கும். அளவோடு விழுந்து ஏராளமான நீரில் கரைந்தால் இதே எச்சம் உரம். வேடந்தாங்கல் ஊரார் பறவைகளைக் காத்துவந்தது வயலுக்குப் பாயும் அந்த நீருக்காகவும்தான். அவர்களின் உரிமையை 1798-இல் ஆட்சியர் லயனல் பிளேஸ் எழுத்தில் ஏற்றார். ஆனால் 300 சதுர மீட்டர் திட்டில் நூற்றுக்கணக்கான கூடுகள் என்றால் மரம் சில ஆண்டுகளில் பட்டுவிடும்.

பட்ட மரத்தை உடனே வெட்ட வேண்டாம். விழும்வரை அதிலும் கூடு வைக்கும். பாம்புத்தாரா இறகு விரித்துக் காயவைக்க இலையற்ற கிளையே வசதி. டொரன்டோவில் கட்டட இடிபாடுகளைக் கொட்டி உருவான டாமி தாம்சன் பூங்காவில் நீர்க்காகங்களால் மரங்கள் பட்டுப்போனபோது, பறவைகளைத் தரையில் கூடு வைக்கத் தூண்டி மீதி மரங்களைக் காக்கும் வழியை மேற்கொண்டார்கள். சிறிய ஏரியில் எளிய வழி இரண்டு திட்டாவது வைத்துக்கொள்வது. ஒன்று களைக்கும்போது மற்றதில் இளமரம் வளர்ந்திருக்கும். கூடு கட்டும் காலம் முடிந்ததும் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்து, புதுமண் போட்டு நடலாம்.

மண் திட்டுக்கு இடமோ ஆழமோ பொருந்தாத ஏரியில் மிதவை கைகொடுக்கும், குறிப்பாக ஆலாவுக்கு. 3 மீட்டருக்கு 3 மீட்டர் மிதவையில் 5 சென்டிமீட்டர் சரளை பரப்பினாலே 700 கிலோவுக்கு மேல் வரும். சட்டமும் ஈரமும் சேர்த்து 1,100 கிலோ என்று வையுங்கள். 200 லிட்டர் பீப்பாய்கள் 6 இருந்தால் மிதக்கும், ஆனால் முழுக்க அமிழ்ந்து அலை மேலேறும். 12 இருந்தால் பாதி வெளியே நிற்கும். விளிம்பில் 15 சென்டிமீட்டர் பலகைத் தடுப்பு, தவறி விழுந்த குஞ்சு ஏற வலைபோட்ட சாய்தளம், வெயிலுக்கு ஒதுங்கக் கூரை ஓடு கவிழ்த்த சிறு மறைப்பு மூன்றும் கட்டாயம். நங்கூரச் சங்கிலி உயர்ந்த மட்டத்துக்குப் போதுமான நீளம் இருக்க வேண்டும். மட்டம் இறங்கும்போது அதே நீளம் மிதவையைக் கரைப்பக்கம் ஒதுங்கவிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். செடி வளர்க்கும் மிதவைகள் ஏரியைச் சுத்தம் செய்யும் என்று விற்கிறார்கள். வளர்ந்த செடியை அறுத்து ஏரிக்கு வெளியே கொண்டுபோனால்தான் அதிலுள்ள ஊட்டம் வெளியேறும். அறுக்காவிட்டால் அழுகித் தண்ணீருக்கே திரும்பும்.

படகு எவ்வளவு தள்ளிப் போக வேண்டும்? புளோரிடாவில் ஆய்வு செய்தவர்கள் 1995-இல் கொக்கு வகைகளின் கூட்டங்களுக்கு ஏறக்குறைய 100 மீட்டரும் ஆலாக் கூட்டங்களுக்கு 180 மீட்டரும் பரிந்துரைத்தார்கள். தாய் பறந்துவிட்டால் இறகு முளைக்காத குஞ்சு உச்சி வெயிலில் வெகுநேரம் தாங்காது. காகம் அதற்குள் முட்டையைத் தூக்கிவிடும். அவ்வளவு அகலமில்லாத ஏரியில் மிதவைக் கயிறு கட்டி, கூடு கட்டும் மாதங்களில் படகை ஒரு பக்கமாகவே நிறுத்திவைப்பது தவிர வேறு வழியில்லை.

கோடை முடிவில் நீர் குறைந்து சூடேறும்போது இன்னொரு ஆபத்து: பொட்டுலிசம். அழுகும் சேற்றிலுள்ள பாக்டீரியா செத்த பறவையின் உடலில் பெருகி நஞ்சைச் சுரக்கும். அந்த உடலைத் தின்னும் புழுக்களுக்கு நஞ்சால் ஒன்றும் ஆவதில்லை, ஆனால் அவற்றின் உடலில் அது சேர்ந்துவிடும். இரண்டு முதல் நாலு புழுவைத் தின்ற வாத்தின் கழுத்துத் தசை தளர்ந்து, தலை தொங்கி, தண்ணீரிலேயே மூழ்கிச் சாகும். அதன் உடலில் ஆயிரக்கணக்கான புழுக்கள் பிறக்கும். இந்தச் சங்கிலியை அறுக்க முதன்மையான வழி, பிணங்களைப் புழு வைப்பதற்கு முன்பே தினமும் பொறுக்குவது. கையுறை அணிந்து, இரட்டைப் பையில் கட்டி. ஏரிக்கரையிலேயே குழி தோண்டிப் புதைக்கக்கூடாது, நீர்மட்டம் ஏறும்போது எல்லாம் வெளியே வந்துவிடும். தள்ளி ஆழமாகப் புதைக்கலாம் அல்லது எரித்துவிடலாம்.