ஊசிமுனைக்கும் விரலுக்கும் இடையே

அறுவை அரங்கின் ரப்பர் கையுறை, நோயாளியைக் காப்பதற்காகத் தோன்றியதன்று. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், கிருமிநீக்கத்துக்கான பாதரசக் குளோரைடு கரைசலால் கைத்தோல் புண்ணாகித் தவித்த செவிலியர் கரோலின் ஹாம்ப்டனுக்காகவே, அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் 1889-90 குளிர்காலத்தில் மெல்லிய கையுறைகளைச் செய்வித்தார்.

இன்று அரங்கப் பணியாளரை அச்சுறுத்துவது கரைசலன்று. கையுறையைத் துளைத்து உட்புகும் இரத்தம். அச்சம் பெரும்பாலும் எச்.ஐ.வி.யைச் சுற்றியே இருக்கிறது. ஆயினும் அவ்வைரஸ் உள்ள இரத்தம் படிந்த ஊசி குத்துவதால் தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 0.3 சதவீதமே. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸைப் பொறுத்தவரை, தடுப்பூசி போடாதவருக்கு அது 6 முதல் 30 சதவீதம் வரை செல்லும். உலர்ந்த பரப்பிலும் 7 நாள் உயிர்ப்புடன் இருக்கவல்ல இவ்வைரஸுக்கு எதிராகத் தடுப்பூசி இருப்பது பெரும்பேறு. ஆனால் 3 தவணைகளையும் முடித்ததோடு நின்றுவிடாமல், ஓரிரு மாதங்களில் இரத்தத்தில் அவ்வைரஸை எதிர்க்கும் எதிர்ப்பொருளின் அளவு லிட்டருக்கு 10 சர்வதேச அலகை எட்டியதா என்று பரிசோதிப்பதும் அவசியம்; சிலரது உடல் தடுப்பூசிக்கு எதிர்வினை காட்டுவதேயில்லை.

இரட்டைக் கையுறை காக்கும் விதம் நுட்பமானது. தையல் ஊசி உள்ளீடற்ற குழாயன்று என்பதால் இரத்தம் அதன் புறப்பரப்பில் மட்டுமே ஒட்டியிருக்கும். ஊசி ரப்பரைத் துளைத்துச் செல்கையில், அந்த ரப்பரே இரத்தத்தின் ஒரு பகுதியை வழித்துவிடுகிறது. இரண்டு படலங்கள் இருந்தால் இவ்வழித்தல் இருமுறை நிகழும். உட்கையுறை அடர்நிறத்தில் இருந்தால், மேலுறை கிழிந்த இடத்தில் ஈரம் புகுந்து நிறம் பளிச்செனத் தெரியும். கண்டவுடன் கையுறையை மாற்றிவிடலாம்.

காயம் அடிக்கடி நேர்வது ஊசியைப் பிடிக்காத கையின் ஆட்காட்டி விரலில்தான், திசுவை விரலால் பற்றித் தைக்கும் தருணத்தில். அதற்கு இடுக்கியைப் பயன்படுத்துவதும், தசையையும் தசையுறையையும் தைக்க மழுங்கிய முனை ஊசியை எடுப்பதும் விரலை அவ்வழியிலிருந்து அகற்றுகின்றன. கத்தியைக் கைக்குக் கை கொடுக்காமல், ஒருவர் தட்டில் வைக்க மற்றவர் எடுத்துக்கொள்வதும் அத்தகையதே.

இத்தனைக்கும் பிறகு ஊசி குத்திவிட்டால், காயத்தைப் பிதுக்காமல் சோப்பும் நீரும் கொண்டு கழுவி உடனே தெரிவிக்க வேண்டும். தேவைப்பட்டால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்திற்குள், தாமதமானாலும் 72 மணி நேரத்திற்குள் தொடங்கி, 28 நாள் உட்கொள்ள வேண்டும். சிறு குத்துதானே என்று தொடர்ந்து பணியாற்றும் பழக்கம் எனக்குப் பெருங்கவலை தருகிறது; ஏனெனில் அன்றே எடுக்கப்படும் இரத்த மாதிரிதான், பின்னாளில் தொற்று தெரியவந்தால், அது முன்பே இருந்ததா அந்த ஊசியால் வந்ததா என்பதைப் பிரித்துக் காட்டும்.