பேரல் ரேசிங்: தமிழில் எப்படிச் சொல்வது?

குதிரையில் ஏறிப் பீப்பாய்களைச் சுற்றி வரும் ‘பேரல் ரேசிங்’ விளையாட்டின் பெயரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் ‘பீப்பாய்ப் பந்தயம்’ என்று வரும். இலக்கணப்படி அதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் கேட்பவருக்கு என்ன தோன்றும்? குதிரைப் பந்தயத்தில் குதிரை ஓடுகிறது, படகுப் பந்தயத்தில் படகு ஓடுகிறது, ரேக்ளாப் பந்தயத்தில் ரேக்ளா வண்டி ஓடுகிறது. பந்தயத்துக்கு முன்னால் எது நிற்கிறதோ அதுதான் ஓடும் என்று தமிழ்க் காது பழகியிருக்கிறது. அந்தக் கணக்கில் பீப்பாய்ப் பந்தயம் என்றால் பீப்பாய்களை உருட்டிக்கொண்டு ஓடும் போட்டி என்றே பொருள்படும். உண்மையில் இந்த விளையாட்டில் பீப்பாய் அசையவே கூடாது. அது சாய்ந்து விழுந்தால், சுற்றி வந்தவர் பரிசை மறந்துவிட வேண்டியதுதான்.

முதலில் விளையாட்டைப் பார்ப்போம். மண் பரப்பிய களத்தில் மூன்று பீப்பாய்கள் முக்கோணமாக நிற்கும். அளவு குறையாத களம் என்றால் முதல் இரண்டுக்கும் நடுவே 90 அடி. அந்த இரண்டிலிருந்தும் மூன்றாவது 105 அடி. தொடக்கக் கோட்டிலிருந்து முதல் பீப்பாய்க்கு 60 அடி. குதிரை முழு வேகத்தில் உள்ளே பாய்ந்து மூன்றையும் ஒவ்வொன்றாகச் சுற்றிவிட்டு, வந்த வழியே நேராகத் திரும்பி ஓடும். கோட்டைக் கடக்கும்போது மின்கண் நேரத்தைப் பிடித்துக்கொள்ளும். பீப்பாயைத் தொடலாம், உரசலாம், ஆடும் பீப்பாயைக் கையால் பிடித்து நிறுத்தவும் செய்யலாம். சாய்த்துவிட்டால் தொழில்முறைப் போட்டிகளில் 5 விநாடி கூடும். விநாடியின் நூறில் ஒரு பங்கில் இடங்கள் மாறும் போட்டியில் 5 விநாடி என்பது தோல்விக்கு இன்னொரு பெயர். சுற்றும் வரிசை தவறினால் நேரமே பதிவாகாது.

குதிரை ஓடும் தடத்தை மேலிருந்து பார்த்தால் மூன்று இதழ் தெரியும். ஆங்கிலத்தில் ‘க்ளோவர்லீஃப்’ என்கிறார்கள். க்ளோவர் நம் வயல் வரப்பில் முளைக்கிற செடியில்லை. நமக்குப் பழகிய க்ளோவர்லீஃப் சென்னைக் கத்திப்பாரா மேம்பாலம்தான், அதற்கோ நான்கு இதழ். அதை நினைத்துக்கொண்டு படிப்பவர் நான்காவது பீப்பாயைத் தேடுவார். வில்வ இலை என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. ஒரே காம்பில் மூன்று இலை: பக்கத்துக்கு ஒன்று, உச்சியில் ஒன்று. காம்புதான் குதிரை உள்ளே வந்து வெளியே போகும் வழி.

இனி ‘பேரல்’. பழைய பிரெஞ்சின் ‘பரீல்’ ஆங்கிலத்துக்குப் போய் ‘பேரல்’ ஆனது. மரப்பலகைகளை நிமிர்த்தி இரும்பு வளையம் பூட்டிச் செய்த, வயிறு புடைத்த கலம் என்பது அதன் பழைய பொருள். நம் ‘பீப்பாய்’ போர்த்துகீசியரின் ‘பீப்பா’ என்ற சொல்லிலிருந்து வந்தது; கப்பலில் மதுவும் எண்ணெயும் ஏற்றி வந்த கலத்தின் பெயர். தமிழிலேயே பெருங்கலத்துக்கு ‘மிடா’ என்ற சொல் உண்டு. ‘மொடாக்குடியன்’ என்று திட்டும்போது அது இன்றும் வாயில் வருகிறது. ஆனால் மிடா என்றதும் மண்ணால் செய்த பெரிய பானைதான் கண்ணில் நிற்கும், களத்தில் நிற்பதோ தகரக் கலம். 55 கேலன், அதாவது சுமார் 208 லிட்டர் பிடிக்கிற, இரண்டு பக்கமும் மூடிய எண்ணெய் டிரம். தார் போடும் இடத்திலும் கட்டட வேலையிலும் நாம் பார்க்கிற அதே 200 லிட்டர் டிரம். பொருளுக்கு நெருக்கமாகச் சொல்வதென்றால் ‘டிரம்’ என்பதே சரி. ஆனாலும் பெயரில் பீப்பாய் இருக்கட்டும் என்பேன். டிரம் என்றால் மேளமும் நினைவுக்கு வரும். பீப்பாயில் அந்தக் குழப்பம் இல்லை, நூற்றாண்டுகளாக நம்மிடம் புழங்கி வேரூன்றிய சொல்லும்கூட.

எண்ணெய் டிரம் களத்துக்கு வந்த இடம் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம். அங்கே ஸ்டாம்ஃபோர்ட் என்ற சிற்றூரில் மாடு மேய்ப்போர் கூடும் திருவிழா ஒன்று உண்டு. 1931-இல் சுற்று வட்டார ஊர்கள் தங்கள் ஊர்ப் பெண் ஒருவரைக் குதிரையோடு அங்கே அனுப்பின. தொடக்க ஆண்டுகளில் உடையையும் குதிரையின் அழகையும் பார்த்தும் மதிப்பெண் போட்டார்கள். அந்தப் போட்டிகளில் பீப்பாயைச் சுற்றி வருவதும் சேர்ந்துகொண்டது. உடைக்கு மதிப்பெண் போய், கடிகாரம் மட்டுமே நடுவர் என்று ஆன பிறகுதான் இது விளையாட்டாக நிமிர்ந்தது என்று நினைக்கிறேன். 1948-இல் டெக்சாஸின் சான் ஏஞ்சலோவில் 38 பெண்கள் கூடித் தங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். முதலில் ‘கேர்ல்ஸ் ரோடியோ அசோசியேஷன்’ என்று பெயர்; ரோடியோ என்பது மாடு மேய்ப்போரின் திறமைப் போட்டி. 1981-இலிருந்து ‘விமன்ஸ் புரொஃபெஷனல் ரோடியோ அசோசியேஷன்’. தொழில்முறை ரோடியோவில் பேரல் ரேசிங் இன்றும் பெண்களின் களம். ‘ரோடியோ’ ஸ்பானியச் சொல். சிதறிக் கிடக்கும் மாடுகளைச் சுற்றி வளைத்து ஓரிடத்தில் சேர்ப்பது என்று பொருள். வளைப்பதும் சுற்றுவதும் அந்த மண்ணின் அன்றாடத் தொழில், விளையாட்டும் அதிலிருந்தே பிறந்தது.

‘ரேஸ்’ என்ற சொல்லின் வேர் பழைய நார்ஸ் மொழியில் இருக்கிறது; ஓட்டம், நீரோட்டம் என்று பொருள். நம் ‘பந்தயம்’ அப்படியில்லை. பந்தயம் கட்டுவது என்றால் பணயம் வைப்பது. ஓட்டத்தைவிட வைத்த பொருளைத்தான் அந்தச் சொல் முதலில் குறிக்கிறது. இங்கே அது வியக்கத்தக்க அளவுக்குப் பொருந்துகிறது. போட்டியாளர் ஒவ்வொருவரும் நுழைவுக் கட்டணம் கட்டுகிறார்கள். அந்தப் பணமும் பரிசுத் தொகையில் சேர்கிறது. தொழில்முறைத் தரவரிசையும் ஆண்டு முழுக்க வென்ற டாலரை வைத்தே போடப்படுகிறது. அதில் முதல் 15 பேர்தான் டிசம்பரில் லாஸ் வேகஸில் நடக்கும் தேசிய இறுதிப் போட்டிக்குப் போக முடியும். அங்கே களம் சிறியது, 14 விநாடிக்குள் சுற்றி முடிக்கிறார்கள். ஆகவே ‘பந்தயம்’ என்பதைத் தயக்கமின்றி வைத்துக்கொள்ளலாம்.

இப்போது நடுவில் இல்லாமல் போன சொல்லுக்கு வருகிறேன். இந்த விளையாட்டின் உயிர் திரும்புவதில் இருக்கிறது, பெயரிலோ அது இல்லை. ஆங்கிலப் பெயரிலும் இல்லை. தமிழில் அதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது: சாரி. குதிரை வட்டமிட்டு ஓடுவது சாரி. வலப்பக்கம் வளைந்தால் வலசாரி, இடப்பக்கம் வளைந்தால் இடசாரி. இன்று வலதுசாரி, இடதுசாரி என்று அரசியல் செய்திகளில் படிக்கிறோமே, அங்கே சாரி பக்கம் என்ற பொருளில் நிற்கிறது. குதிரைக்காரர்களின் சாரியோ அகராதியில் உறங்குகிறது. இன்னும் பழைய சொற்களும் உண்டு. மதுரைக்காஞ்சி புரவிகளைப் பாடும்போது மண்டிலம், ஆதி என இரண்டு ஓட்டங்களை அடுத்தடுத்துச் சொல்கிறது. மண்டிலம் வட்ட ஓட்டம். ஆதி நேராக நெடுந்தூரம் பாய்வது. பீப்பாய்களைச் சுற்றுவது மண்டிலம், மூன்றாவது பீப்பாயைச் சுற்றிவிட்டுக் கோட்டை நோக்கிப் பறப்பது ஆதி. டெக்சாஸ்காரர்கள் இந்தக் கடைசிப் பாய்ச்சலை ‘வீட்டுக்கு ஓடுவது’ என்கிறார்கள்.

பெரும்பாலோர் வலப்பக்கப் பீப்பாயில் தொடங்குகிறார்கள். அதை வலமாகச் சுற்றி, குறுக்கே போய் மற்ற இரண்டையும் இடமாகச் சுற்ற வேண்டும். ஒரு வலசாரி, இரண்டு இடசாரி. இடப்பக்கத்தில் தொடங்கினால் கணக்கு தலைகீழாகும். மொத்தம் மூன்று சாரி. அதனால் ‘முச்சாரிப் பந்தயம்’ என்ற பெயரை முன்வைக்கிறேன். முதல் முறை எழுதும்போது ‘பீப்பாய் சுற்றும் முச்சாரிப் பந்தயம்’ என்று விரித்து எழுதலாம். பிறகு முச்சாரி போதும். ‘சாரி’ என்று தனியாக நின்றால் மன்னிப்புக் கேட்கும் ஆங்கிலச் சொல்லாகக் காதில் விழும். ‘மு’ சேர்ந்ததும் அந்தத் தொல்லை தீர்கிறது.

பழக்கும் வேலையில் புழங்கும் சொற்கள் இன்னும் நுணுக்கமானவை. குதிரை பாய்ந்து ஓடும்போது முன்னங்கால்களில் ஒன்று மற்றதைவிட முன்னே எட்டி விழும். அதை ‘லீட்’ என்கிறார்கள். வலசாரிக்கு வலக்கால் முந்த வேண்டும், இடசாரிக்கு இடக்கால். முதல் பீப்பாயிலிருந்து இரண்டாவதுக்குப் போகும் அந்த 90 அடிக்குள் குதிரை கால் மாற்றியாக வேண்டும். மாற்றாத குதிரை வளைவில் விரிந்து போகும், நேரமும் போகும். தமிழில் ‘முந்துகால்’ என்று சொல்லலாம். ‘ரேட்’ என்பது இன்னொன்று: பீப்பாய் நெருங்கும்போது பாய்ச்சலைச் சுருக்கி, பின்னங்கால்களை உடலுக்கு அடியில் கொண்டுவந்து குதிரை தன்னைத் திரட்டிக்கொள்வது. பிரேக் போடுவது என்று இதைப் புரிந்துகொண்டால் தவறு. நிற்பதற்காகக் குறைப்பதில்லை, திரும்புவதற்காகக் குறைப்பது. ‘வேகம் திரட்டல்’ என்றால் வேகம் கூடுவதாக ஆகிவிடும். ‘அடக்கம் பிடித்தல்’ எனக்குச் சரியாகப் படுகிறது. ஓட்டுபவர் சேணத்தில் ஆழ்ந்து உட்கார்ந்ததுமே குதிரை அடக்கம் பிடிக்க வேண்டும். கடிவாளத்தை வெட்டி இழுத்துத்தான் சொல்ல வேண்டும் என்றால் பழக்கம் போதவில்லை என்று பொருள்.

‘பாக்கெட்’ என்ற சொல்லுக்கு இங்கே பையோடு தொடர்பில்லை. பீப்பாயை அணுகும்போது குதிரைக்கும் பீப்பாய்க்கும் நடுவே விடுகிற சில அடி இடம் அது. அகலமாக நுழைந்து ஒட்டினாற்போல வெளியேற வேண்டும் என்பது பாடம். நுழையும்போதே ஒட்டினால் குதிரையின் தோளோ ஓட்டுபவரின் முழங்காலோ தகரத்தில் மோதும். அதனால்தான் பலர் காலில் காப்பு கட்டிக்கொண்டு ஏறுகிறார்கள். ‘இடைவெளி’ என்ற எளிய சொல்லே இதற்குப் போதும். கண் பீப்பாயின் மேல் இருக்கக் கூடாது, அடுத்துப் போக வேண்டிய இடத்தின் மேல் இருக்க வேண்டும் என்றும் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆள் எதைப் பார்க்கிறாரோ உடல் அந்தப் பக்கம் சாயும், குதிரை அந்தச் சாய்வைப் படித்துவிடும்.

இதெல்லாம் வேகத்தில் கற்பிப்பதில்லை. முதலில் நடை, பிறகு துள்ளு நடை, அப்புறம் மெல்லிய பாய்ச்சல். வட்டம் ஒழுங்காக வராத வரை வேகம் கூட்டுவதில்லை. முழுதாகப் பழகிய குதிரையை வீட்டில் பீப்பாயைச் சுற்றி முழு வேகத்தில் விரட்டாமல் விடுபவர்கள் பலர். பெரும்பாலும் இவை குவார்ட்டர் இனக் குதிரைகள். கால் மைல் தூரத்தில் மின்னல்போல் ஓடியதால் வந்த பெயர்.

அப்படிப் பழகிய குதிரை என்ன செய்யும் என்பதற்கு ஸ்கேம்பர் என்ற குதிரையைத்தான் சொல்ல வேண்டும். நியூ மெக்சிகோவின் கிளேட்டன் ஊர்க்காரரான சார்மெய்ன் ஜேம்ஸ், 1984-இல் 14 வயதில் அதன் மேல் ஏறி உலகப் பட்டம் வென்றார். 1993 வரை தொடர்ந்து பத்துப் பட்டம், அத்தனையும் அதே குதிரையில். 1985 இறுதிப் போட்டியின் ஏழாம் சுற்றில் அது உள்ளே பாய்ந்தபோது தலைக்கயிறு கழன்றுவிட்டது. கையில் பிடித்த கடிவாளத்துக்கு இனி அதிகாரம் இல்லை. ஸ்கேம்பர் நிற்கவில்லை, தடம் மாறவில்லை. மூன்று பீப்பாயையும் சுற்றி வெளியே வந்தது. அந்தச் சுற்றில் முதலிடமும் அவர்களுக்கே.

‘சீசனிங்’ என்ற சொல்லுக்கும் ஒரு வரி வேண்டும். வீட்டுக் களத்தில் அழகாக ஓடுகிற இளங்குதிரையை ஊர் ஊராக ஏற்றிக்கொண்டு போய், விளக்கு, ஒலிபெருக்கி, கூட்டம், புது மண் எல்லாவற்றுக்கும் பழக்குவது. ‘களப் பழக்கம்’ எனலாம். ‘ஃபியூச்சரிட்டி’ இளங்குதிரைகளுக்கென்றே நடக்கும் போட்டி. அதை ‘இளம்புரவிப் போட்டி’ என்று சொல்லிப் பார்த்தேன், நன்றாகவே நிற்கிறது. ரோடியோ, குவார்ட்டர் போன்ற பெயர்களை அப்படியே விட்டுவிடலாம். அவை அந்த மண்ணின் பெயர்கள்.

எழுத்தில் இப்படி வரும்: ‘முச்சாரியில் இரண்டாவது பீப்பாயை அடையும் முன்பே குதிரை முந்துகால் மாற்றியது, மூன்றாவதில் அடக்கம் பிடிக்கத் தவறியதால் பீப்பாய் சாய்ந்து 5 விநாடி கூடியது.’