பழைய வீட்டுக்குப் புது ஜன்னல்: மழைத்தண்ணீர் எந்த வழியில் உள்ளே வருகிறது?

முப்பது நாற்பது வருடமான வீடுகளில் ஜன்னல் முதலில் கெடுவது அடியில்தான். நாட்டு மரச் சட்டத்தின் கீழ்க்கட்டையில் தண்ணீர் ஊறும். ஐப்பசி மழையில் கதவு உப்பிப்போய்ச் சாத்த வராது. பங்குனி வெயிலில் சுருங்கி இடுக்கு விழும். ஊறிய கட்டையைத் தேடிக் கரையான் வந்துவிடும். அப்போதுதான் யூபிவிசி என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கா அலுமினியமா என்ற பேச்சு வீட்டில் தொடங்கும். கடைக்குப் போனால் கண்ணாடியின் நிறம், சட்டத்தின் பளபளப்பு, கைப்பிடியின் டிசைன் என்று காட்டுவார்கள். சென்னை, கடலூர், நாகை போன்ற ஊர்களில் ஒரு ஜன்னல் நல்லதா இல்லையா என்பதை முடிவு செய்வது கீழ்ச்சட்டத்தில் இருக்கும் சில சென்டிமீட்டர் உயரம்தான். முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

சுவரில் மோதும் காற்று அழுத்தமாக மாறுகிறது. வேகத்தை நொடிக்கு மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினால் அழுத்தம் பாஸ்கலில் கிடைக்கும். கட்டடங்களின் காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 பயன்படுத்தும் சூத்திரமும் இதுதான். ஏறக்குறைய 10 பாஸ்கல் அழுத்தம் தண்ணீரை 1 மி.மீ. உயரத்துக்குத் தூக்கி நிறுத்தும். ஸ்லைடிங் ஜன்னலின் ட்ராக்கில் மழைத்தண்ணீர் தேங்குவது இயல்பு. வெளிப்பக்கம் உள்ள வடிதுளைகள் வழியாக அது வெளியேற வேண்டும். ஆனால் வெளியே அழுத்தம் கூடும்போது அதே துளைகள் வழியாகக் காற்று உள்ளே தள்ளுகிறது. தண்ணீர் வடியாமல் ட்ராக்கிலேயே ஏறுகிறது. அறைப்பக்கம் இருக்கும் விளிம்பைத் தாண்டியதும் தரையில் கொட்டுகிறது.

அந்த உள்விளிம்பின் உயரத்தை அளவுநாடா வைத்துப் பாருங்கள். 20 மி.மீ. என்றால் மணிக்கு சுமார் 65 கி.மீ. காற்று வரை தாங்கும். 40 மி.மீ. என்றால் சுமார் 90 கி.மீ. 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைக் கடந்த வர்தா புயலின் காற்று மணிக்கு 110 கி.மீ.யைத் தொட்டது, அதைத் தடுக்க 55 மி.மீ.க்கு மேல் வேண்டும். அந்த உயரத்தில் ஸ்லைடிங் ட்ராக் வைத்துப் பழகுவது சிரமம். அதனால்தான் மழைக்காற்று நேராக அடிக்கும் சுவரில், சன்ஷேடும் ஆழமாக இல்லாத இடத்தில், ஸ்லைடிங் வேண்டாம் என்கிறோம். புயல் நேரத்தில் காற்று அடிக்காத எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்து வைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். அந்தப் பக்கத்து உறிஞ்சல் அறைக்குள் அழுத்தத்தைக் குறைக்க, முன்பக்கத்து இடுக்கில் தண்ணீர் மேலும் ஏறும்.

வெளிப்பக்கம் திறக்கும் கதவு இதற்கு நேர்மாறு. காற்று அடிக்க அடிக்கக் கதவு சட்டத்தோடு அழுந்துகிறது, நடுவில் இருக்கும் இ.பி.டி.எம். ரப்பர் நசுங்கி இடுக்கை அடைக்கிறது. ஸ்லைடிங்கில் இருப்பது நகர வசதியான மயிர்ப் பட்டை மட்டுமே. அது தூசியைக் குறைக்கும், தண்ணீரை நிறுத்தாது. இன்னொன்று, இரண்டு கதவு ஸ்லைடிங்கில் எப்போதும் பாதிதான் திறக்கும். கரண்ட் போன இரவில் அந்தப் பாதிக் காற்றின் இழப்பு நன்றாகத் தெரியும். திறக்கும் வகையிலும் சங்கடம் உண்டு: உட்பக்கம் கிரில்லும் கொசுவலையும் இருந்தால் கை விட்டுக் கதவைச் சாத்துவது கஷ்டம், குறுகிய சந்துப் பக்கம் கதவு நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த இடங்களுக்கு ஆழமான சன்ஷேடோடு ஸ்லைடிங் போதும். நான்கடி உயரக் கதவுக்குப் பூட்டுப் பிடிமானம் குறைந்தது இரண்டு இடத்தில் வேண்டும். நடுவில் ஒன்று மட்டும் இருந்தால் மூலைகள் விலகி ரப்பர் அழுந்தாது.

யூபிவிசி எடுத்தால் சட்டத்தின் வெட்டுமுகத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஐரோப்பியத் தரத்தில் ஏ வகுப்பு என்றால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சுவர் 2.8 மி.மீ., பி வகுப்பு என்றால் 2.5 மி.மீ. கனம். இதைவிட மெல்லியதும் சந்தையில் விற்கிறது. சின்ன ஜன்னலுக்கு ஓடும், பெரிய கதவுக்கு ஓடாது. வெறும் பிளாஸ்டிக்குக்கு வளையும் குணம் அதிகம். அதனால் உள்ளே துத்தநாகம் பூசிய இரும்புக் குழல் செருகியாக வேண்டும். மூலையை வெல்டிங் செய்த பிறகு அது இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் ஒரு வலுவான காந்தத்தைச் சட்டத்தின் மேல் நகர்த்தினால் இரும்பு இருக்கும் நீளம் முழுக்க அது இழுக்கும். நடுவில் இழுப்பு விட்டுப்போனால் அங்கே இரும்பு இல்லை. வெள்ளை நிறமே நல்லது. அடர்பழுப்பு சட்டம் மேற்கு வெயிலில் அதிகம் சூடேறி அதிகம் விரியும்.

இந்த விரிவுதான் பொருத்தும்போது பலர் மறக்கும் கணக்கு. ஒன்றரை மீட்டர் நீள யூபிவிசி 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 3 மி.மீ. நீளும், அதே நீள அலுமினியம் 1 மி.மீ.தான். சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே பக்கத்துக்கு 5 மி.மீ. விடாமல் சிமென்ட் வைத்து இறுக்கிவிட்டால் சட்டம் வில்லாக வளைந்து கதவு மாட்டும்.

அலுமினியம் வெப்பத்தைப் பிளாஸ்டிக்கைவிட ஆயிரம் மடங்கு கடத்தும் என்பது உண்மை. ஏசி இல்லாத வீட்டில் அதற்காக அதை ஒதுக்க வேண்டியதில்லை. சட்டத்தின் பரப்பு சிறிது. கடலோரத்தில் பார்க்க வேண்டியது உப்பு. பவுடர் கோட்டிங் குறைந்தது 60 மைக்ரான் இருக்கட்டும். அதைவிட முக்கியம் திருகும் கீலும் ரோலரும். சாதாரண இரும்புத் திருகு உப்புக்காற்றில் துருப்பிடிப்பதோடு தன்னைச் சுற்றியுள்ள அலுமினியத்தையும் அரிக்க வைக்கும். 304 துருவா எஃகு கேளுங்கள். கடல் கண்ணுக்குத் தெரிகிற தூரம் என்றால் 316.

கண்ணாடிக்கு வருவோம். மேற்குப் பார்த்த நான்கடிக்கு நான்கடி ஜன்னலில் கண்ணாடி மட்டும் ஏறக்குறைய 1.2 சதுர மீட்டர். மாலை வெயில் சதுர மீட்டருக்கு 500 வாட் என்று வைத்தால், 5 மி.மீ. சாதாரணக் கண்ணாடி அதில் எண்பது சதவீதத்துக்கு மேல் உள்ளே விடுகிறது. அரை கிலோவாட் ஹீட்டரை அறையில் போட்டதற்குச் சமம். வெளியே உள்ளதைவிட அறை 5 டிகிரி குளிர்ச்சியாக இருந்தால், அந்த வித்தியாசத்தால் கடத்தப்பட்டு வருவது வெறும் 35 வாட் அளவு. சாதாரண இரட்டைக் கண்ணாடி வெயிலைக் கொஞ்சம்தான் குறைக்கும், இந்த 35 வாட்டிலும் ஒரு பகுதியைத்தான் மிச்சப்படுத்தும். எனவே ஏசி நாள் முழுக்க ஓடாத வீட்டுக்கு அந்தச் செலவு வீண். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்துங்கள்: சன்ஷேடை நீட்டுவது, அல்லது வெளியே ஒரு மூங்கில் தட்டி. உள்ளே திரை போட்டால் வெயில் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டது. மிச்சமாகும் பணத்தில், குழந்தைகள் கை படும் தாழ்வான ஜன்னல்களுக்கு டஃபன்ட் (சூடாக்கிச் சட்டெனக் குளிர்வித்து உறுதியாக்கிய) கண்ணாடி போடலாம். உடைந்தால் கத்திபோலச் சிதறாமல் பொடிப்பொடியாக உதிரும். அதை டஃபன் செய்த பின் வெட்டவோ துளையிடவோ முடியாது, அளவு முதலிலேயே சரியாக இருக்க வேண்டும்.

அளவை மூன்று இடத்தில் அகலம், மூன்று இடத்தில் உயரம் என எடுத்து, கிடைத்ததில் சிறியதில் இருந்து 10 மி.மீ. கழியுங்கள். இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தால் திறப்பு கோணலா என்று தெரியும். பழைய சட்டத்தை விட்டு அதற்குள்ளேயே புதிதைச் செருகலாம் என்று சிலர் சொல்வார்கள். கரையான் தொட்ட மரத்தில் ஒருபோதும் செய்யாதீர்கள். கழற்றும் முன் மேலே கொஞ்சம் பூச்சைத் தட்டி லின்டல் (திறப்பின் மேல் சுவரைத் தாங்கும் குறுக்கு உத்தரம்) இருக்கிறதா என்று கொத்தனாரைப் பார்க்கச் சொல்லுங்கள். மிகப் பழைய வீடுகளில் மேல்வரிச் செங்கல் மரச்சட்டத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கும். முட்டுக் கொடுக்காமல் சட்டத்தை உருவினால் அது இறங்கும். லின்டல் உறுதியானால், சட்டத்தின் கட்டைகளை நடுவில் அறுத்து உள்நோக்கி மடக்கி எடுப்பதே சுவருக்கு நல்லது. சட்டத்தைச் சுவரோடு பிடிக்கப் பக்கங்களில் பதித்திருக்கும் ஹோல்டுஃபாஸ்ட் இரும்பைப் பிடுங்காமல் அறுத்துவிடலாம்.

அடிக்கல், கடப்பாவோ கிரானைட்டோ, வெளிப்பக்கம் சரிந்து இருக்க வேண்டும்; ரசமட்டம் வைத்துப் பாருங்கள். அதன் வெளி விளிம்புக்கு அடியில் ஒரு காடி வெட்டினால் தண்ணீர் சுவரில் வழியாமல் சொட்டிவிடும். திருகுகள் மூலையில் இருந்து 150 மி.மீ. தள்ளித் தொடங்கி, 600 மி.மீ.க்கு ஒன்றுக்குக் குறையாமல் வரட்டும். இடைவெளியில் நுரை அடித்தால் வெயில் படாமல் மூடியாக வேண்டும், வெயிலில் அது பொடிந்துவிடும். மேலே பூசும் சிலிகானில் வினிகர் வாசனை வந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். அது சிமென்டில் சரியாக ஒட்டாது, உலோகத்தையும் அரிக்கும். நியூட்ரல் என்று எழுதியதுதான் வேண்டும். இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு, ஓட்டை தெரிகிறதே என்று வடிதுளைகளையும் சேர்த்து சிலிகானால் அடைத்துவிடுவது.

வேலை முடிந்ததும் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டை வைத்துச் சாத்தி இழுங்கள். நான்கு பக்கமும் அது இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். ஸ்லைடிங் என்றால் ட்ராக்கில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். சில நொடிகளில் வெளியே வடிந்து தீர வேண்டும். கடைசித் தவணைப் பணத்தை இதற்குப் பிறகு கொடுங்கள்.